கேட் பாஸுக்கு ஒரு முகம்

1

கைதட்டாத ஒரு பெண்ணிடமிருந்து எனக்குக் கிடைத்த கதை இது. அதை மறைத்து, நானே சிந்தித்துக் கண்டெடுத்ததைப் போல எழுத என் மனம் ஒப்பவில்லை.

இந்த ஆண்டு மார்ச் மாதம் தூத்துக்குடியில் மகளிர் நாள் கூட்டம். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் மருத்துவர் அல்லள். மேடையில் வளர்ந்தவள், துண்டறிக்கையில் எழுத்துக் கற்றவள். படித்துத் தெரிந்துகொண்டு போனேன். சுரப்பிகள் நிலை தடுமாறும்போது தாடையில் முடி அரும்புகிறது, பருக்கள் கட்டிகளாகப் புடைக்கின்றன, உச்சந்தலை மெலிகிறது, பின்கழுத்து கறுக்கிறது. பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இருக்கும் இந்தத் துன்பத்தை நாடே சேர்ந்து துப்பட்டாவுக்குள் ஒளித்து வைப்பது ஏன் என்று கேட்டேன். "உன் முகம் உனக்கே உரியது! அதைப் பிறர் மதிப்பெண்ணுக்கு அனுப்பாதே! கண்ணாடியை உடைத்தெறி!" என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் கைகளை மடிமேல் வைத்தபடி இருந்தாள். கூட்டம் முடிந்து நான் தேநீர் அருந்தும்வரை காத்திருந்து, அருகில் வந்தாள்.

"அக்கா, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா கண்ணாடிய ஒடச்சிட்டா நான் காலைல எப்படி ஷேவ் பண்ணுவேன்?"

கேலி இல்லை; உண்மையாகவே கேட்டாள். மேடையில் என்னை மடக்க வந்தவர்கள் பலர். அவர்களுக்கெல்லாம் விடை வைத்திருந்தேன். இவளுக்கு மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, மேலே சொல்லச் சொன்னேன். அந்தக் கேள்விக்காக நான் அவளுக்கு நன்றியுடையவள். இனி வரும் ஒவ்வொரு வரியும் அந்த நன்றியிலிருந்துதான் எழுதப்படுகிறது.

(அவள் பெயர் பேச்சிச்செல்வி. கதையில் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? எங்க தெருவுலயே இந்தப் பேருல நாலு பேரு இருக்கோம். யாரு எவன்னு அவங்களே குழம்பட்டும்" என்றாள்.)

2

நான் எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

"சிப்பியின் உறுத்தலில் முத்து பிறப்பது போல, பேச்சிச்செல்வியின் முகத்தில் தோன்றிய ஒவ்வொரு..."

இங்கேயே நிறுத்திவிட்டேன். இந்தக் கடற்கரையில் மேடையேறும் எவரும் முத்தைத் தொடாமல் இறங்குவதில்லை. நானே எத்தனை முறை தொட்டிருக்கிறேன்! ஆனால் பரு முத்தாவதில்லை. அது சீழ் வைக்கும், தலையணையில் ஒட்டும், ஆறினால் தழும்பு விடும்.

"ஆணாதிக்கத்தின் ஆயிரம் கண்கள் அவள் தாடையை மொய்த்தன. அந்தக் கண்களுக்கு அஞ்சி அவள்..."

இதை அவளிடம் படித்துக் காட்டினேன். "ஆயிரம் கண்ணா? அம்புட்டுப் பேரு எங்கக்கா இருக்கான் என்னையப் பாக்க? காலைல பஸ்ல சீட்டு புடிக்கவே அவனவனுக்கு நேரம் இல்ல." அந்த வரியை அடித்துவிட்டேன்.

"பேச்சிச்செல்வி அழகானவள்."

இதை எழுதி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, வெட்கப்பட்டு அழித்தேன். யார் கேட்டார்கள் என்னிடம் இந்தத் தீர்ப்பை?

நான்காவதுதான் நின்றது. அது கீழே.

3

ஏரல் பக்கத்து ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், காலை ஐந்தரை மணிக்கு, வீட்டார் விழிக்குமுன் பேச்சிச்செல்வி குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. இருபதாவது வயதிலிருந்து இதுதான் வழக்கம். கண் பார்க்குமுன் விரல் பார்த்துவிடும்: தாடைக்கடியில், காதோரத்தில், எங்கெங்கே நேற்றிரவு முளைத்திருக்கிறது என்று நுனிவிரலுக்குத் தெரியும். கையடக்கமான ரோஸ் நிற ரேசரைப் பருக்களுக்கு நடுவே சந்து சந்தாக நடத்த வேண்டும். ஒன்று கீறினாலும் அன்று முழுவதும் எரியும். பிறகு பவுடர், பிறகு ஷாலைத் தாடைவரை ஏற்றி ஒரு சுற்று, பிறகு ஆறு இருபது பேருந்து.

கழுத்துக்கு என்ன செய்தும் பயன் இல்லை. கல்யாண வீடுகளில் அத்தைமார் சொல்வார்கள்: "ஏளா, கழுத்த நல்லாத் தேச்சுக் குளிக்கப்படாதா? அழுக்கு அண்டிக் கெடக்கு." ஒருமுறை பீர்க்கை நாரால் தோல் உரியும்வரை தேய்த்தாள். உடலுக்குள் நிகழும் மாற்றத்தின் நிழல்தான் அந்தக் கறுப்பு, தேய்த்தால் போகாது என்பது அவளுக்கு மிகப் பின்னால்தான் தெரிந்தது.

அவள் வேலை பார்த்தது சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சியில்; கப்பலேறும் சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் அலுவலகம் அது. முதல் நான்கு ஆண்டுகள் அலுவலக மேசையில். அந்த மேசை வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. வருகிற ஒவ்வொருவரும் முதலில் பார்ப்பது அவள் முகத்தை. டிரைவர்கள் தங்களுக்குள் "மீசை மேடம்" என்று பெயர் வைத்திருந்தது, தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருநாள் அவள் காதில் விழுந்தது. மறுநாள் அண்ணாச்சியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, என்னைய யார்டுக்கு அனுப்புங்க."

"வெயிலு தாங்க மாட்ட ஏளா."

"வயக்காட்டுல நின்னவதான் அண்ணாச்சி நான்."

துறைமுகச் சாலையில் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டு. அதனுள், மருந்துக்காக ஏற்றுமதியாகும் நிலாவாரை இலை மூட்டைகள் கண்டெய்னர் பெட்டியில் ஏறும்போது எண்ணிக் குறிப்பதும், கதவு சாத்தி சீல் அடித்தபின் சீலின் எண்ணைப் படித்துப் பதிவதும் அவள் வேலை. அங்கே யாரும் யாருக்கும் முகம் அல்லர், எண்தான். சீல் பூட்டிக்கொள்ளும் அந்தச் சிறு ஓசை அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் எண்ணைச் சரி என்று சொன்னால்தான் பெட்டி கப்பலுக்குப் போகும். அந்த மேசைக்கு மீண்டும் போய் உட்காரக் கூடாது. அவள் வேண்டியது அது ஒன்றுதான்.*

*யார்டுக்குள் எல்லோரும் அணிய வேண்டிய ஹெல்மெட்டின் தாடைப் பட்டை உராய்ந்தால் பருக்கள் பெருகும் என்று நான் படித்த எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. பேச்சிச்செல்வி பட்டையின் உட்புறம் பழைய பருத்திச் சேலைத் துண்டை வைத்துத் தைத்திருக்கிறாள். தையல் அவ்வளவு நேர்த்தி. என் ஒரு மணி நேரப் பேச்சில் அந்தத் துண்டின் அளவுக்குக்கூடப் பயன் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன்.

4

சென்ற ஆண்டு ஜூன் மாதம் யார்டின் கேட்டில் முகம் பார்க்கும் எந்திரம் ஒன்றை வைத்தார்கள். பாஸில் உள்ள படமும் எதிரே நிற்கும் முகமும் பொருந்தினால் பச்சை, தடுப்புக்கட்டை எழும். பொருந்தாவிட்டால் சிவப்பு. ஊழியர் படங்களை அனுப்பச் சொன்னபோது, அண்ணாச்சியின் அலுவலகம் கோப்பில் இருந்த பேச்சிச்செல்வியின் படத்தை அனுப்பிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வரன் பார்ப்பதற்காக அய்யாக்குட்டி ஸ்டூடியோவில் எடுத்த படம் அது.

நம் ஊர் ஸ்டூடியோக்களின் தொழில்முறை உங்களுக்குத் தெரியும். பெண்ணின் படம் உள்ளது உள்ளபடி வெளியே வருவதில்லை. அய்யாக்குட்டி பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவர். அவர் பேச்சிச்செல்வியின் தாடையைத் துடைத்து, கன்னத்தை ஒடுக்கி, கழுத்தை வெளுத்து, அவளுக்கு இல்லாத ஒரு தங்கையைப் போல ஒருத்தியைப் படைத்துக் கொடுத்திருந்தார். அன்று அதைக் கையில் வாங்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. துக்கத்தால் வந்ததன்று, நன்றியால். ஒரு வாரம் அந்தப் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள்.

எந்திரத்துக்கு அந்த இரக்கம் இல்லை. சிவப்பு.

கேட்டில் காவலர் ஆறுமுகநயினார் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யம்மா, இது உங்க அக்காவா?"

"எனக்கு அக்கா கெடையாது அண்ணே."

"அப்பத் தங்கச்சியா?"

"நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. அவள் ஓரமாக ஒதுங்கி அண்ணாச்சிக்குப் போன் செய்தாள்.

"சரி, வேற படம் எடுத்துக் குடு," என்றார் அண்ணாச்சி. "வெள்ளிக்கெழமைக்குள்ள ஏறலன்னா நீ ஆபீஸ்ல பழையபடி இரி. யார்டுக்கு ஒரு பையனப் போட்டுக்கிடுதேன்."

செவ்வாய்க்கிழமை அது.

5

இனி எனக்கு ஐயம் தந்த பாத்திரத்துக்கு வருகிறேன்.

அய்யாக்குட்டியை நான் முதலில் எப்படி எழுதினேன் தெரியுமா? வெற்றிலை குதப்பிய வாயும் இளக்காரப் பார்வையுமாக, பெண்ணினத்தைச் சுண்ணாம்பு பூசி விற்கும் தரகராக. ஒன்றரைப் பக்கம். மேடையில் படித்தால் நல்ல கைதட்டல் விழும். பேச்சிச்செல்வி கேட்டுவிட்டு, "அவரு வெத்தலையே போட மாட்டாருக்கா" என்றாள். ஒன்றரைப் பக்கமும் போயிற்று. நடந்தது இது:

அன்று மாலையே அவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். "அண்ணாச்சி, டச்சப் வேண்டாம். உள்ளபடியே குடுங்க. மெஷினுக்கு வேணும்" என்றாள். "அதுக்கென்ன தாயி" என்று எடுத்தார். உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்க்கவில்லை. தன் உண்மைப் படத்தைப் பார்க்கும் துணிவு அவளுக்கு அப்போது இல்லை. உறையோடு அலுவலகத்தில் கொடுத்தாள்; அவர்கள் ஏற்றினார்கள். புதன்கிழமை காலை கேட்டில் நின்றாள்.

சிவப்பு.

திரையில் தெரிந்த புதிய படத்தை அப்போதுதான் பார்த்தாள். தாடை துடைத்து வைத்த வெண்கலம் போல இருந்தது. நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

"சொன்னேம்லா அண்ணாச்சி!"

"ஒண்ணும் பண்ணலியே தாயி." அய்யாக்குட்டி தலையைக் குனிந்துகொண்டார். "லேசா. தாடைல மட்டும். கன்னத்துல ஒரு சின்னத் தட்டு."

"எதுக்கு?"

"முப்பது வருசம் ஆச்சுல்லா. கை தானாப் போவுது. நம்ம கடைலருந்து போற பிள்ளைய எவனும் ஒரு வார்த்த சொல்லிரப்படாதுன்னு..."

அவளுடைய யார்டு வேலை போகப்போவதே அந்தக் கையின் அன்பினால்தான் என்பதை அவரிடம் எந்தச் சொல்லால் சொல்வது? அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நூறு சொல் சொல்லியிருப்பேன்; அத்தனையும் அவரை அடித்திருக்கும். அவள், "சரி அண்ணாச்சி, வாரேன்" என்று படியிறங்கினாள்.

(நானும் அவளை "அழகானவள்" என்று தொடங்கியவள்தானே. அய்யாக்குட்டியின் கைக்கும் என் கைக்கும் தொலைவு அதிகமில்லை. அவரைத் திட்டி எழுதிய தாளைக் கிழித்தது இந்தக் கதையில் நான் செய்த நல்ல செயல்களுள் ஒன்று.)

6

அன்று பிற்பகல் டாக்டர் ஜீவமணியிடம் அவளுக்கு முறை. தாடையோரம் இரண்டு கட்டிகள் பழுத்திருந்தன. டாக்டர் நாசரேத்துக்காரர், தூத்துக்குடியில் தோல் மருத்துவம் பார்ப்பவர். பார்ப்பதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வார். பத்துக் கேள்விகள்: உங்கள் தோல் இந்த வாரம் உங்களை எவ்வளவு கூசச் செய்தது, உடை உடுத்துவதை மாற்றியதா, வேலையைத் தடுத்ததா, உறவினரோடு பழகுவதைக் குறைத்ததா என்று. ஒவ்வொன்றுக்கும் மிக அதிகம், அதிகம், சிறிதளவு, இல்லவே இல்லை.

பேச்சிச்செல்வி பத்துக்கும் "இல்லவே இல்லை" என்று டிக் அடித்துக் கொடுத்தாள். நன்றாகக் கவனிக்கிற டாக்டரிடம் குறை எழுதிக் கொடுப்பது மரியாதை ஆகாது என்பது அவள் எண்ணம். இந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான் நிரப்புகிறார்கள் என்று டாக்டர் பின்னொருநாள் என்னிடம் சொன்னார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். ஜூன் மாத வெக்கையில் தாடைவரை சுற்றியிருந்த ஷாலைப் பார்த்தார்.

"பேச்சி, இது பரீட்ச இல்ல. நல்ல மார்க் எடுக்க வேண்டாம்."

வேறொரு தாளை எடுத்து நீட்டினார். பேச்சிச்செல்வி இந்தமுறை மெதுவாக நிரப்பினாள். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது.

"டாக்டர், ரெண்டு நாளா என்னைய உள்ள விடல. இது தோலாலயா, படத்தாலயா? எதுல டிக் அடிக்க?"

டாக்டர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "மொதல்லருந்து சொல்லு" என்றார். எட்டு ஆண்டுகளில் முதல் தடவையாக அவள் முதலிலிருந்து சொன்னாள். பாதியில் ஷால் தானாக நழுவியது. டாக்டர் பொய் ஆறுதல் எதுவும் தரவில்லை. "முழுசாப் போயிரும்னு நான் சொல்ல மாட்டேன். குறைக்கலாம். மாசக்கணக்காகும். நான் கூட இருக்கேன்" என்றார். பிறகு மருந்து எழுதி, "ரெண்டு வாரம் பிளேடு படக்கூடாது. இதுமேல பட்டா இன்னும் பழுத்துரும்" என்றார்.

"ரெண்டு வாரமா? வெள்ளிக்கெழம நான் கேட்ல நிக்கணும் டாக்டர்."

"நில்லு."

ஒரே ஒரு சொல். என் வாழ்நாளில் நான் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

7

வெள்ளிக்கிழமை. கடைப் படம் இனிச் செல்லாது, நேரில் நிற்பவரைக் கேட்டிலேயே படம் பிடித்து ஏற்றலாம் என்று யார்டு நிர்வாகம் சொல்லியிருந்தது. இரண்டு நாள் வளர்ந்த முடியோடும் பழுத்த கட்டிகளோடும் பேச்சிச்செல்வி வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னே சுமை ஏற்றுபவர்கள், டிரைவர்கள். ஷால் இன்னும் சுற்றியபடியே இருந்தது. திரும்பி அலுவலகத்துக்கே போய்விடலாம் என்று கால் சொல்லிற்று.

முன்னால் நின்றவர் ரோச். மணப்பாட்டுக்காரர், யார்டில் மேஸ்திரி, ஐம்பத்தைந்து வயது, தலையில் ஒரு முடி கிடையாது. அவர் திரும்பித் தன் பாஸை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார். படத்தில் கருகருவென்று சுருட்டை முடி.

"ஏளா பேச்சி, பாத்தியா? இதுவும் அய்யாக்குட்டி வேலதான். மெஷினு என்னையக் கண்டுபிடிச்சிட்டு, எம் பொண்டாட்டிக்குத்தான் ஆளு தெரியல." பிறகு தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒந் தாடைல புடுங்குனதத்தான் எம் மண்டைல நட்டுருக்கான் போல."

பேச்சிச்செல்வி சிரித்தாள். வாயைக் கையால் மூடாமல், ஷால் அவிழ, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றம் செய்தேன். ரோச்சின் அந்த வரியை வெட்டினேன். ஒரு பெண்ணின் உடலை வரிசையில் வைத்துக் கேலி பேசுவதை என் பேனா எப்படி அனுமதிக்கும்? அதற்குப் பதிலாக அவர் வாயில், "மகளே, உழைப்பவரின் முகமே உலகின் ஒளி" என்று ஒரு முழக்கத்தை வைத்தேன். கதையின் படியை அவளுக்கு அனுப்பிய அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"ரோச் அண்ணன் எப்பக்கா இப்படிப் பேசுனாரு? இது நீங்க மைக்ல பேசுதது."

"அவர் சொன்னது இழிவில்லையா, பேச்சி?"

"இருக்கலாம்க்கா. வேற எவனும் சொல்லியிருந்தா அங்கனயே அழுதிருப்பேன். ஆனா எட்டு வருசமா எல்லாரும் பாத்துட்டுப் பாக்காத மாதிரிப் போனாங்கல்லா? அவருதான் பாத்தேன்னு சொன்னாரு. தன் மண்டையவும் சேத்துல்லா சொன்னாரு. அந்த வரிய எடுக்காதீங்க."

திரும்பச் சேர்த்துவிட்டேன், மேலே அப்படியே இருக்கிறது. "வரிசையே வெடித்துச் சிரித்தது" என்று எழுதியிருந்ததையும் அவள்தான் திருத்தினாள். "யாரும் சிரிக்கல. நானும் அண்ணனும்தான். பின்னால நின்னவன், 'சீக்கிரம் எடுங்கப்பா, லோடு நிக்குது'ன்னு கத்துனான்."

8

முடிவுகளைப் பற்றி.

துண்டறிக்கைக்கு ஏற்ற முடிவு ஒன்று எழுதினேன்: அவள் ஷாலை உருவி வானில் வீசுகிறாள், வரிசையே ஆர்ப்பரிக்கிறது. "புது ஷாலுக்கா. மடிச்சுப் பைல வச்சேன்" என்றாள்.

மருத்துவ முடிவு ஒன்றும் எழுதினேன்: ஓராண்டுக்குள் தோல் தெளிந்து, தாடை வழுவழுத்து, நல்ல இடத்தில் திருமணம். இதில் பாதி பொய்யில்லை. மருந்து வேலை செய்கிறது. கட்டிகள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. டாக்டரின் தாளில் இப்போது அவள் உண்மையான விடைகளை எழுதுகிறாள், அவற்றுள் சில உண்மையாகவே "இல்லவே இல்லை". ஆனால் இதைக் கதையின் முடிவாக வைத்தால், குணமாகாத பெண்ணுக்கு முடிவே இல்லை என்று ஆகிவிடும். என் மேசை மேல் அப்படிப்பட்ட பெண்களின் கடிதங்கள் கிடக்கின்றன. அதனால் விட்டுவிட்டேன்.

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். ஷாலை மடித்துப் பையில் வைத்துவிட்டு அவள் எந்திரத்தின் முன் நின்றாள். காலை வெயில் நேரே தாடையில் விழுந்தது. ஆறுமுகநயினார் கேட்டார்:

"எடுக்கட்டுமாம்மா?"

"எடுங்க அண்ணே."

எந்திரம் சிறிது நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு பச்சை. தடுப்புக்கட்டை எழுந்தது. பேச்சிச்செல்வி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "நன்றி அண்ணே" என்று ஆறுமுகநயினாரிடமும், "வாங்கண்ணே, நேரமாச்சு" என்று ரோச்சிடமும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே போனபின் என்ன நினைத்தாள்? முதல் பெட்டியின் முன் நின்றபோது காற்று முகத்தில் எப்படிப் பட்டது? நான் கேட்டேன், மூன்று முறை கேட்டேன். "உள்ள என்னக்கா, வேல நடந்துச்சு" என்றாள். நான்காவது முறை கேட்டபோது, "அது எனக்கு மட்டும்தான்க்கா" என்றாள்.

ஆகவே போன வாரம் நானே யார்டு கேட்டுக்குப் போனேன். ஆறுமுகநயினார் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பாஸ் இருக்காம்மா?"

"நான் எழுதுகிறவள். பேச்சிச்செல்வியைப் பற்றி ஒரு கதை..."

"எழுதுதவங்களுக்கெல்லாம் பாஸ் கெடையாதும்மா."

கம்பிகளுக்கு இடையே பார்த்தேன். வெகு தொலைவில், இரண்டு கண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே, மஞ்சள் ஹெல்மெட் ஒன்று குனிந்து எதையோ படித்து, எழுதி, அடுத்த பெட்டிக்கு நகர்ந்தது. அவளாக இருக்கலாம். யார்டுக்குள் போகும் பெண்கள் இருவர், மற்றவளாகவும் இருக்கலாம். முகம் தெரியவில்லை. அடுக்கின் மூலையில் அது திரும்பியது, பிறகு காணவில்லை.

இந்த இடத்துக்கு அப்பால் எனக்கு அனுமதியில்லை. வாசகரே, உங்களுக்கும் இல்லை.

"ஓரமா நில்லுங்கம்மா," என்றார் ஆறுமுகநயினார். "லாரி வருது."